வலிக்காமல் பிரியும் ஜெல்

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், தண்ணீரை நிற்க வைக்கிற வேலை என்பேன். கேட்டவர் சிரிப்பார். சிரிக்கட்டும். நான் செய்யும் ஜெல்லில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பங்கு தண்ணீர். மீதி எட்டுப் பங்கு பாலிமர் இழைகளும் என் கெட்டிக்காரத்தனமும். அந்த இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு அத்தனை தண்ணீரையும் ஒரு சொட்டு சிந்தாமல் வைத்திருக்கும். உள்ளங்கையில் எடுத்தால் கைரேகை தெரியும், விரலால் தட்டினால் ஆடும், கவிழ்த்தாலும் விழாது.

எனக்குத் தன்னடக்கம் போதாது என்று அக்கா சொல்வாள். என் வீட்டுக்காரரும் அதையே கொஞ்சம் மென்மையாகச் சொல்வார். லேபில் என்னோடு வேலை செய்யும் தராசு வாயால் சொல்ல மாட்டான், பார்வையாலேயே சொல்லிவிடுவான். தராசு என்பது நான் வைத்த பெயர். பிஸ்கட்டைக்கூட எடை போட்டுவிட்டுத்தான் தின்பான். அப்படிப்பட்டவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

அக்கா எங்களோடுதான் இருக்கிறாள். பெரிய ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டில் பத்தொன்பது வருடமாக நர்ஸ், அதில் ஏழு வருடமாகத் தலைமை நர்ஸ். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், வார்டில் இருபத்துநாலு பேரைப் பார்க்கிறேன், வீட்டில் இருபத்தைந்தாவதாக ஒருத்தர் எதற்கு என்பாள். காலை எட்டு மணிக்கு அங்கே கட்டுப் பிரிக்கத் தொடங்குவார்கள். காஸ் என்னும் கட்டுத் துணி காயத்தோடு காய்ந்து ஒட்டியிருக்கும். நனைத்து நனைத்துப் பிரித்தாலும் புதிதாக வளர்ந்த தோலையும் சேர்த்துத்தான் கொண்டுவரும். மருந்து கொடுப்பார்கள், இருந்தாலும் கத்தல் கேட்கும். இதெல்லாம் அக்கா சொல்லி எனக்குத் தெரிந்ததுதான். கட்டுப் பிரிக்கும் நேரத்தில் நான் ஒரு நாள்கூட அந்த வார்டில் நின்றதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வந்து, காலணியைக்கூடக் கழற்றாமல் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தாள். என்னவென்று கேட்டேன். ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்று, கட்டுப் பிரித்து முடித்ததும், "நீங்க வீட்லயும் இப்படித்தானா?" என்று கேட்டதாம். அக்கா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. குழந்தை மேல் படமுடியாது, அக்கா மேல் படமுடியாது. கடைசியில் அந்தக் காஸ் துணி மேல் கோபப்பட்டேன். அப்படித்தான் இந்த வேலை தொடங்கியது.

மற்றவர்கள் செய்த ஜெல் கட்டுகளை எல்லாம் வரவழைத்துப் பார்த்தேன். எல்லாருக்கும் எவ்வளவு நன்றாக ஒட்டுகிறது என்பதில்தான் பெருமை. எப்படிப் பிரிப்பது என்ற கேள்விக்கு விளக்கத் தாளின் கடைசியில் ஒரு வரி, "மெதுவாக உரிக்கவும்" என்று. மெதுவாக உரிப்பதை எங்கள் அக்காவிடம் போய்ச் சொல்லுங்கள். நான் பிரிவதில் இருந்து தொடங்கினேன்.

இரண்டு வகை இழை. ஒன்றில் இடையிடையே போரான் இருக்கும், மற்றதில் அதைப் பிடித்துக்கொள்ளும் கைகள். இரண்டும் தனித்தனி சிரிஞ்சில், ஒரே மூக்கு வழியாகக் காயத்தின் மேல் விழும். இருபது எண்ணுவதற்குள் கைகோர்த்து இறுகிவிடும். பிரிக்க வேண்டும் என்றால் சர்க்கரைத் தண்ணீர் போதும். போரானுக்குச் சர்க்கரை மேல் ஒரு சபலம். சர்க்கரையைக் கண்டால் பிடித்த கையை உதறிவிட்டு அதன் பின்னால் போய்விடும். பழங்களில் இருக்கும் சர்க்கரை மேல் அந்தச் சபலம் இன்னும் பல மடங்கு. அதைக் கரைத்து ஊற்றி ஐந்து நிமிடம் விட்டால் ஜெல் கஞ்சித் தண்ணீராகிவிடும், கழுவிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். யாரும் எதையும் உரிக்க வேண்டாம்.

எறும்பு வராதா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அவர் லிஃப்ட் மெக்கானிக். எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் அது எங்கே கெட்டுப்போகும் என்றுதான் முதலில் பார்ப்பார். நான் அவரைக் கிண்டல் செய்தேன். எறும்பைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது அப்போது எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை.

நாற்பத்தொன்றாவது ஜெல் சரியாக வந்தது. எலியின் காயத்தில் போட்டோம், பன்றியின் காயத்தில் போட்டோம். நான்கு நாள் அசையாமல் இருந்தது, கரைசல் ஊற்றியதும் நல்ல பிள்ளையாகப் பிரிந்தது. அக்காவின் வார்டு சர்ஜன், ஒரு வார்த்தை போதும் என்ற இடத்தில் அரை வார்த்தை பேசுகிறவர், அறிக்கையைப் படித்துவிட்டு "போடலாம்" என்றார். பன்னிரண்டு நோயாளிகளுக்கு, உள்ளங்கை அளவு இடத்தில் மட்டும், என்று அனுமதி வந்தது. சர்க்கரை நோய் உள்ளவர்களை எல்லா ஆய்விலும் ஒதுக்குவது போல நாங்களும் ஒதுக்கினோம். எல்லாம் சரியாகச் செய்துவிட்ட நினைப்பில் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

முதல் ஆள் ஒரு பஸ் டிரைவர். கொதித்த ரேடியேட்டரைத் திறந்து, ஆவி அடித்து வலது முன்கை வெந்துபோனவர். ஹாரன் கெட்டுப்போனாலும் குரலை வைத்தே வண்டியை ஓட்டிவிடக்கூடியவர். அந்தக் குரலோடு கட்டுப் பிரிக்கும்போது அவர் கத்துவது இரண்டு மாடிக்குக் கேட்கும் என்று வார்டில் சொல்வார்கள். ஜெல் போட்டபோது அவர் குழந்தை மாதிரி கையை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். சில்லென்று இருக்கிறது என்றார். நான் பெருமையோடு வீட்டுக்கு வந்தேன்.

மூன்றாம் நாள் காலை அக்கா போன் செய்து உடனே வரச் சொன்னாள். போனேன். டிரைவரின் கட்டுக்குள் என் நாற்பத்தொன்று கொழகொழவென்று வழிந்து கிடந்தது. காயத்தின் மேல் பாதி இடத்தில் ஜெல்லே இல்லை. யாரும் அதைப் பிரிக்கவில்லை, தானாகவே விட்டுவிட்டது. அக்கா மிச்சத்தை ஒரு மூடிபோட்ட கப்பில் எடுத்து வைத்திருந்தாள்.

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சர்ஜன் நிற்கிறார், இரண்டு இளம் நர்ஸ்கள் நிற்கிறார்கள், டிரைவர் படுக்கையில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். என் கண் தட்டில் இருந்த இரண்டு பாட்டில்கள் மேல் போனது. ஒன்று காயம் கழுவும் உப்புத் தண்ணீர், மற்றது ஜெல்லைப் பிரிக்கும் கரைசல். இரண்டுக்கும் ஒரே நீல மூடி.

"எந்த பாட்டிலை எடுத்துக் கழுவின?" என்று கேட்டேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். "என்ன கேக்கற?"

"மாத்தி ஊத்தியிருக்க. வேற வழியே இல்ல. நாலு நாள் நிக்கற ஜெல் ரெண்டு நாள்ல கரையாது."

இளம் நர்ஸ்கள் தரையைப் பார்த்தார்கள். அக்காவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, அவள் குரல்தான் தணிந்தது. பத்தொன்பது வருடத்தில் ஒரு பாட்டிலையும் மாற்றி எடுத்ததில்லை என்று மட்டும் சொன்னாள். பிறகு கப்பை என் கையில் வைத்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனாள்.

லேபில் தராசு அந்தக் கப்பை எடை போட்டான். வாயைத் திறந்தான். மிச்ச ஜெல் போட்டதைவிட இரண்டு மடங்கு ஊறியிருக்கிறது, பிரிக்கும் கரைசல் பட்டிருந்தால் நேராகக் கரைந்திருக்கும், இப்படி மெதுவாக ஊறியிருக்காது என்று சொல்லப் பார்த்தான். கப்பை ஃப்ரிட்ஜில் வை, பிரசங்கம் வேண்டாம் என்றேன். வைத்தான்.

மறுநாள் என் வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி ஒரு செய்தி சொன்னார். அக்கா கண் வார்டுக்கு மாற்றல் கேட்டுக் கடிதம் கொடுத்துவிட்டாளாம். அங்கே இருக்கும் தலைமை நர்ஸ் ஓய்வு பெற இன்னும் ஐந்து மாதம், அது முடிந்ததும் அக்கா அங்கே. அந்தக் கடிதம் ஒரு வருடமாகக் கைப்பையிலேயே இருந்ததாம். இதையெல்லாம் என்னிடம் சொல்லாமல் அவரிடம் சொல்லியிருக்கிறாள். கண் வார்டில் யாரும் கத்துவதில்லை என்றும் சொன்னாளாம்.

அந்த வார்டில் அக்காவின் கைக்கு ஈடாக வேறு கை கிடையாது. நோயாளிகள் மருந்து நேரத்தைக் கேட்பதற்கு முன் இன்று அக்காவின் ட்யூட்டி உண்டா என்றுதான் கேட்பார்கள். அந்தக் கையை அங்கேயே வைத்திருக்கத்தான் நான் இரண்டு வருடம் உழைத்தேன். அந்தக் கையைப் பிடித்து வெளியே தள்ளியதும் நானேதான் என்று பட்டது. இருந்தாலும் மன்னிப்புக் கேட்கவில்லை. பாட்டில் மாறியிருக்கும் என்றே இன்னும் நம்பினேன். என் ஜெல் தப்புச் செய்யாது என்பதில் எனக்கு அவ்வளவு உறுதி.

வீட்டில் அக்கா என்னோடு பேசவில்லை. உப்பு வேண்டும் என்றால் என் வீட்டுக்காரரிடம் கேட்பாள், அவர் என்னிடம் கேட்பார், நான் அவரிடம் கொடுப்பேன். மேலே கீழே போய்வருவது அவருக்குத் தொழில்தான் என்றாலும் மூன்று நாளில் களைத்துவிட்டார். நான்காம் நாள் சாப்பிடும்போது, அந்த மௌனம் பொறுக்காமல், வாயில் வந்த முதல் கேள்வியைக் கேட்டுவிட்டார். "அந்த டிரைவர் எப்படி இருக்கார் அண்ணி?"

எங்கள் வீட்டில் இது சட்டமீறல். சாப்பாட்டு மேசையில் வார்டுப் பேச்சு கூடாது. சட்டம் போட்டது நான். முன்பு ஒரு நாள் அக்கா ஏதோ ஒரு காயத்தை விவரிக்க, இவர் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். அதிலிருந்து, மீறினால் அன்றைக்குப் பாத்திரம் முழுவதும் மீறியவர் கழுவ வேண்டும் என்று வைத்தேன். ஆறு வருடமாக யாரும் மீறவில்லை. அக்கா பத்து மணி நேரம் வார்டில் நின்றுவிட்டு வருவாள், நான் பத்து மணி நேரம் அந்த வார்டுக்காக ஜெல் செய்துவிட்டு வருவேன், இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து வானிலையைப் பற்றிப் பேசுவோம்.

அக்கா அவருக்குப் பதில் சொன்னாள். காயம் பரவாயில்லை, சர்க்கரைதான் இறங்க மாட்டேன் என்கிறது, இன்சுலின் ஓடுகிறது என்று சொல்லிவிட்டு ரொட்டியைப் பிய்த்தாள்.

என் கை பாதி வழியில் நின்றது. "சர்க்கரையா? அவருக்குச் சர்க்கரை இல்லன்னு ஃபார்ம்ல இருக்கே."

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "உங்க வீட்டுக்காரிகிட்ட சொல்லுங்க மாப்பிள்ளை. நோய் இருந்தாத்தான் சர்க்கரைன்னு இல்ல. வெந்த உடம்புக்குத் தானா ஏறும். ரெண்டாம் நாள்லயே ஏறிடும். காயத்துல ஊறுற நீர்லயும் அது இருக்கும். இது எங்க வார்டுல தரை துடைக்கறவங்களுக்கும் தெரியும்."

அவர் என்னைப் பார்த்தார். சொல்லவா வேண்டாமா என்று யோசித்தார் போல. சொல்லத் தேவையிருக்கவில்லை. சர்க்கரையைக் கண்டால் கையை விடுகிற ஜெல்லைச் செய்து, சர்க்கரை ஊறுகிற காயத்தின் மேல் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறேன். ஆரோக்கியமான எலிக்கும் பன்றிக்கும் வெட்டிய சின்னக் காயத்தில் அது எப்படித் தெரியும்? சர்க்கரை நோயாளிகளை ஒதுக்கிவிட்டோம் என்ற தெம்பில் வேறு யாரிடமும் கேட்கவும் இல்லை. கேட்டிருக்க வேண்டியவள் ஆறு வருடமாக என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வாயைக் கட்டிப்போட்டது நான்.

அன்றைக்குப் பாத்திரம் எல்லாவற்றையும் நான் கழுவினேன். மறுநாள் காலை முதல் வேலையாகக் கப்பை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துச் சர்க்கரை பார்க்கும் பட்டையை அதில் தொட்டுப் பார்த்தேன். அளவு எகிறியது. நாற்பத்தொன்றில் ஆறு துண்டு வெட்டி, உடல் சூட்டில், மூன்றைக் காயத்தில் ஊறும் நீரான சாதாரண நிணநீரிலும் மூன்றை அந்த டிரைவரின் அளவுக்குச் சர்க்கரை கலந்த நிணநீரிலும் போட்டோம். முதல் மூன்றும் அப்படியே இருந்தன. மற்ற மூன்றும் மெதுவாக உப்பி, முப்பது மணி நேரத்தில் இரண்டு மடங்காகி, பிறகு கொழகொழத்தன. தராசு ஒவ்வொரு எடையையும் எழுதி என் முன்னால் வைத்தான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் சொல்லாமல் இருந்ததற்கு நான் நன்றி சொன்னேன், அன்றைக்கு அவன் பேச்சைக் கேட்காததற்கு மன்னிப்பும் கேட்டேன்.

அவமானப்படுத்தியது நாலு பேர் முன்னால் என்றால் மன்னிப்பும் நாலு பேர் முன்னால்தான் கேட்க வேண்டும். சர்ஜன் படுக்கை படுக்கையாகப் பார்த்துவரும் நேரத்துக்குச் சரியாகப் போனேன். அதே இரண்டு நர்ஸ்கள், அதே டிரைவர். பாட்டில் மாறவில்லை, ஜெல் சர்க்கரைக்கு விட்டுக்கொடுத்தது, தப்பு முழுக்க என்னுடையது, அக்கா மேல் பழிபோட்டது அதைவிடப் பெரிய தப்பு என்று சத்தமாகவே சொன்னேன். என் காது சுட்டது. டிரைவர் படுத்தபடியே, "நம்ம சர்க்கரைதான் மேடம் காட்டிக் கொடுத்துச்சா?" என்று கேட்டார். சர்ஜன் அன்றைக்கு ஒரு முழு வார்த்தை பேசினார். "நல்லது," என்றார்.

அக்கா, சரி, என்றாள். அவ்வளவுதான். நடைவழியில் அவளைப் பிடித்து, கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள் என்றேன்.

"அன்னைக்கு நீ பாட்டிலைப் பத்திக் கேட்டதுக்காகக் கொடுக்கல," என்றாள். "கோவத்துல கையெழுத்துப் போட்டேன், அது உண்மைதான். ஆனா எழுதினது போன வருஷம். என்னால முடியலடி. காலைல எட்டு மணி ஆனா கை நடுங்குது. எத்தனை வருஷம் இன்னும் இப்படின்னு நெனச்சா மூச்சு முட்டுது."

அப்போது எட்டு மணிதான். அவள் உள்ளே போனாள். டிரைவரின் கையில் காஸ் கட்டைப் பிரிக்கத் தொடங்கினார்கள். நான் படியிறங்கி ஓடினேன் என்றே சொல்ல வேண்டும். இரண்டு மாடிக்குக் கேட்கும் என்றார்கள், மூன்றாவது மாடி இறங்கிய பிறகும் எனக்குக் கேட்டது. அக்கா போவதற்கு ஐந்து மாதம் இருந்தது. அதற்குள் முடித்துவிடுவேன் என்று பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல, பக்கத்தில் நின்றவர் தள்ளி நின்றார்.

வேலை கஷ்டமானதுதான், ஆனால் இப்போது எதோடு மல்லுக்கட்டுகிறேன் என்று தெரிந்தது. உடம்பின் சர்க்கரைக்கு அசையக்கூடாது, பழச்சர்க்கரைக் கரைசலுக்கு மட்டும் அசைய வேண்டும். பிடி தளர்ந்தால் இரண்டுக்கும் விட்டுவிடும். இறுக்கினால் எதற்கும் விடாது, அப்புறம் காஸ் துணிக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? நாற்பத்திரண்டில் இருந்து நாற்பத்தொன்பது வரை எல்லாம் ஒன்று தளர்ச்சி அல்லது வீம்பு. ஐம்பதில் போரானைப் பிடிக்கும் கைக்கு ஒரு விரல் கூட்டிப் பார்த்தேன். பக்கத்தில் இன்னொரு பிடி, ஒன்று நழுவினாலும் மற்றது தாங்கும். ஐம்பத்தேழில் அது அமைந்தது. சர்க்கரை கலந்த நிணநீரில் நான்கு நாள் கிடந்தும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஊறவில்லை. பழச்சர்க்கரைக் கரைசலில் ஆறு நிமிடத்தில் அவிழ்ந்தது. தராசு அன்றைக்கு ஒரு பிஸ்கட்டை எடை போடாமல் தின்றான்.

இதற்கிடையில் வீட்டில் சட்டம் ரத்தானது. சாப்பாட்டு மேசையில் வார்டைத் தவிர வேறு பேச்சில்லை. காயம் எவ்வளவு நீர் விடும், எந்த நாளில் அதிகம், தொடையில் எடுத்த தோலுக்கும் கையில் வெந்த தோலுக்கும் என்ன வித்தியாசம் என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள். என் வீட்டுக்காரர் தட்டை எடுத்துக்கொண்டு டிவிக்கு முன்னால் குடிபெயர்ந்தார். ஆறு நிமிடம் காத்திருப்பது கஷ்டமில்லையா என்று ஒரு நாள் கேட்டேன். அரை மணி கத்துவதைக் கேட்பவளிடம் ஆறு நிமிடத்தைப் பற்றிக் கேட்கிறாயே என்றாள்.

திரும்பவும் எலி, பன்றி, அறிக்கை. இந்த முறை விலங்குகளுக்கும் சர்க்கரையை ஏற்றிவிட்டுத்தான் சோதித்தோம். அனுமதிக் குழுவில் சர்க்கரை உள்ளவர்களையும் சேர்க்க வேண்டும் என்று நான் கேட்டபோது, ஏன் வலியப்போய் வம்பை வாங்குகிறீர்கள் என்று தலைவர் கேட்டார். "சர்க்கரை ஏறாத வெந்த உடம்பை எனக்குக் காட்டுங்க சார், அவங்களுக்கு மட்டும் போடறேன்," என்றேன். மறுபடியும் பன்னிரண்டு பேருக்கு, இந்த முறை இடத்தின் அளவுக்குக் கட்டுப்பாடு இல்லாமல், என்று கையெழுத்துப் போட்டார்.

அக்கா கண் வார்டுக்குப் போக ஒரு வாரம் இருந்தபோது பஸ் டிரைவர் திரும்பி வந்தார். முழங்கை மடிப்பில் தழும்பு இறுகி, கை நீளவில்லை, ஸ்டியரிங் திருப்ப முடியவில்லை. சர்ஜன் தழும்பை விடுவித்து, தொடையில் இருந்து தோல் எடுத்து வைத்தார். தோல் எடுத்த இடம் இருக்கிறதே, அந்தக் கட்டைப் பிரிப்பதுதான் எல்லாவற்றிலும் கொடுமை என்று வார்டில் சொல்வார்கள். அந்த இடம் முழுவதும் ஐம்பத்தேழைப் போட அவரே சம்மதித்தார். அவருக்கு இதற்குள் நிஜமாகவே சர்க்கரை நோய் வந்திருந்தது. உங்கள் ஜெல்லுக்கு நான்தான் சரியான ஆள் மேடம் என்று பெருமையாகச் சொன்னார்.

நான்காம் நாள் காலை எட்டு மணிக்கு நான் வார்டில் நின்றேன். கால் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டேதான் இருந்தது. கட்டைத் திறந்தபோது ஐம்பத்தேழு போட்டது போட்டபடி இருந்தது, அதன் ஊடாக அடியில் இருந்த இளஞ்சிவப்புத் தோல் தெரிந்தது. டிரைவர் ஒரு துண்டைச் சுருட்டி வாயில் கடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, நல்ல கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அக்கா கரைசலை ஊற்றினாள். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் விரல் நடுங்குவதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆறு நிமிடம் ஆனதும் உப்புத் தண்ணீரைச் சாய்த்தாள். ஜெல் வழிந்து தட்டில் இறங்கியது. அவள் எதையும் தொடவில்லை, இழுக்கவில்லை. தொடை சுத்தமாக இருந்தது, ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

டிரைவர் துண்டை வாயிலிருந்து எடுத்தார், கண்ணைத் திறக்கவில்லை. "ஆரம்பிக்கும்போது சொல்லிடுங்க சிஸ்டர்," என்றார்.

அக்கா ஜெல் இருந்த தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். சர்ஜன்தான் முடிந்துவிட்டது என்றார். டிரைவர் நம்பவில்லை. ஒரு கண்ணைத் திறந்து தொடையைப் பார்த்தார், பிறகு தட்டைப் பார்த்தார், பிறகு அந்தப் பெரிய மனிதர் அழுதார். எனக்கும் கண் நிறைந்தது. சந்தோஷத்தில் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. நான் செய்தேன், நான் செய்தேன் என்று உள்ளுக்குள் ஒரு சின்னப் பெண் குதித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த படுக்கையில் ஒரு கேன்டீன் சமையல்காரம்மா. கொதிக்கும் எண்ணெய் கொட்டி இரண்டு கையும் வெந்திருந்தன. முழங்கை வரை காஸ் கட்டு. எழுந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர், எனக்கும் அதையே ஊத்துங்களேன் அம்மா என்று என்னைப் பார்த்துச் சொன்னார். வார்டில் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அந்த அம்மா ஆய்வில் இல்லை. பன்னிரண்டு பெயர்கள் நிரம்பிவிட்டன. என் உள்ளே குதித்த சின்னப் பெண் நின்றுவிட்டாள்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தாள். "இது எல்லாருக்கும் எப்ப கிடைக்கும்?"

ஆறு மாதம் என்று சொல்ல நாக்கு துடித்தது. ஆறு மாதம் என்றால் அவள் முகம் மலரும். பீற்றிக்கொள்வது எனக்குப் புதிதும் இல்லை. ஆனால் அவளிடம் இனி ஒரு தப்பான கணக்கைக் கொடுக்க என்னால் முடியாது.

"ரெண்டு வருஷம்," என்றேன். "இன்னும் இருநூறு பேருக்குப் போட்டுக் காட்டணும். அதுக்குக் குறைச்சுச் சொன்னா பொய். ஆனா ரெண்டு வருஷத்துல வரும். அதை நான் சொல்றேன்."

அக்கா அந்த அம்மாவின் கைக்கட்டுகளைப் பார்த்தாள். பிறகு இளம் நர்ஸைக் கூப்பிட்டு, கண் வார்டுக்குப் போன் செய்து வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல் என்றாள். அந்தப் பெண் விழித்தாள். எனக்கும் ஒன்றும் புரியவில்லை. இரண்டு வருடம் என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

"முடிவே தெரியாமதான்டி முடியல," என்றாள். "ரெண்டு வருஷம்னா என்னால முடியும்."

நனைத்த காஸை எடுத்துக்கொண்டு சமையல்காரம்மாவின் படுக்கைப் பக்கம் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் போய்த் தோளைப் பிடித்துக்கொள் என்று எனக்குத் தலையால் காட்டினாள். போய்ப் பிடித்துக்கொண்டேன். அக்காவின் விரல் நடுங்கவில்லை. முதல் சுற்றைப் பிரித்தாள், அந்த அம்மா கத்தினார், இரண்டு வருடத்தில் முதல் நாள் தொடங்கியது.